மறு: கிரவுட்ஃபண்டிங்குக்குத் தமிழ்ச்சொல்: ‘கையொப்ப நிதி’ பற்றி

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகி ஆடும் மாயக்கதை விளையாட்டு ஒன்றை ஆட்டவிதி நூலாக வெளியிடுவதற்காக இணையத்தில் பணம் திரட்டவிருக்கும் இளைஞர்களின் அறிவிப்பைத் தமிழில் எழுதும்போது, அதன் தலைப்பிலேயே வரும் ‘கிரவுட்ஃபண்டிங்’ (பலரிடமிருந்து சிறு தொகைகளாக நிதி திரட்டல்) என்பதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று ஜீவன்பீமாநகர் தம்பி கேட்டிருந்தார். கூட்டுநிதி, திரள்நிதி, மொய்நிதி, முன்வெளியீட்டுத் திட்டம் என நான்கு விடைகள் வந்துள்ளன. நான்கையும் எழுதியவர்கள் பொறுப்புடன் யோசித்தே எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ‘கையொப்ப நிதி’ என்ற சொல்லே இங்குப் பொருந்தும் என்று நான் கருதுவதால், அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளில் தெளிவு வேண்டும். 2014ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட கலந்தாய்வு அறிக்கை, இவ்வகை நிதி திரட்டலை நன்கொடை, கைம்மாறாக ஒரு பொருள் பெறுதல், கடன், பங்கு என்று நான்காகப் பிரித்துக் காட்டியது. நம் இளைஞர்கள் செய்யப்போவது இரண்டாவது வகை. ஆட்டவிதி நூலை எழுதி முடித்து, ஓவியம் வரைவித்து, அச்சிட்டு அனுப்ப இவ்வளவு தொகை வேண்டும் என்று அவர்கள் ஓர் இலக்கை அறிவிப்பார்கள். விரும்புவோர் இன்ன தொகை தருகிறேன் என்று பதிவு செய்வார்கள். குறித்த நாளுக்குள் பதிவான தொகைகள் இலக்கை எட்டினால்தான் அவரவர் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டாவிட்டால் ஒருவரிடமிருந்தும் எடுக்கப்படாது. 2009இல் தொடங்கப்பட்ட கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் அடிப்படை விதி இதுதான். இலக்கை எட்டிய திட்டத்திடமிருந்து அத்தளம் 5 விழுக்காட்டைக் கட்டணமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே நாம் தேடும் சொல் நன்கொடையையும் சுட்டக்கூடாது, பங்கையும் சுட்டக்கூடாது. நிபந்தனையோடு கூடிய ஒரு வாக்குறுதியைச் சுட்ட வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ‘திரள்நிதி’ விலக்கத்தக்கது என்று நினைக்கிறேன். அரசியல் வட்டாரத்தில் ஆதரவாளர்களிடம் நன்கொடை கேட்கும்போது அச்சொல் ஏற்கெனவே பயன்படுகிறது. தவிரவும், பெங்களூரில் நம்மில் பலருக்குக் கிரவுட்ஃபண்டிங் என்பதே மிலாப், கெட்டோ போன்ற தளங்கள் வழியாக வரும் மருத்துவ உதவி வேண்டுகோளாகத்தான் அறிமுகமாகியிருக்கிறது. குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு உதவுபவர் எதையும் எதிர்பார்த்துத் தருவதில்லை. விளையாட்டு நூலுக்குப் பணம் தருபவரோ நூலை எதிர்பார்க்கிறார். எதிர்பார்க்க அவருக்கு உரிமையும் உண்டு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், நூல் தாமதமாகும்போது ‘நன்கொடைதானே கொடுத்தீர்கள்’ என்று சொல்லும் வாய்ப்பை நாமே ஏற்படுத்தித் தந்தவர்களாவோம்.

‘கூட்டுநிதி’யின் சிக்கல் வேறு. கூட்டுறவு, கூட்டுப்பண்ணை, கூட்டுப்பட்டா என்று தமிழில் ‘கூட்டு’ வருமிடத்தில் பெரும்பாலும் உடைமையில் பங்கு இருக்கிறது. இந்த விளையாட்டு வகையின் தொடக்க வரலாற்றிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1973இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸும் டான் கேயும் டிஎஸ்ஆர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கியிருந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை அச்சிட அவர்களிடம் போதிய பணம் இல்லை. பிரையன் ப்ளூம் 2,000 டாலர் கொண்டுவந்து நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். மூன்று சிறு நூல்கள் கொண்ட பெட்டியாக 1,000 படிகள் 1974இல் வெளிவந்தன. அதைக் கூட்டுநிதி என்றால் தவறில்லை, ஏனெனில் பணம் போட்டவர் நிறுவனத்தின் உரிமையாளர்களுள் ஒருவரானார். அந்தப் பழைய பதிப்புகளின் எளிமையைப் பின்பற்றி இன்று எழுதப்படும் ஒரு புதிய ஆட்டத்துக்குப் பணம் அனுப்பும் அல்சூர் வாசகருக்கு அப்படிப்பட்ட உரிமை எதுவும் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது நூலும், அது உருவாகக் காரணமாக இருந்தோம் என்ற நிறைவும்தான்.

‘மொய்நிதி’யை முன்மொழிந்த மத்திகெரே அம்மையாரின் மடலை மிகுந்த விருப்பத்துடன் படித்தேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் நடக்கும் மொய் விருந்தைப் போலப் பலர் சிறு தொகைகளைத் தந்து ஒருவரைத் தூக்கிவிடும் ஏற்பாடு வேறெங்கும் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறதா என்று தெரியவில்லை என அவர் எழுதியிருந்தது உண்மையே. ஆனால் மொய் என்பது திரும்பச் செய்யவேண்டிய பணம். யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறுகிறது. அவர் வீட்டு விருந்துக்கு அந்தத் தொகையையும் அதற்கு மேலும் செய்தாக வேண்டும். செய்யத் தவறினால் மனத்தாங்கல் வரும். பணத்துக்குப் பணம் என்ற இந்தக் கடப்பாடு செபி சொல்லும் கடன் வகையைத்தான் நெருங்குகிறது. பேச்சில் விளக்குவதற்கு மொய் மிக அருமையான ஒப்புமை, கலைச்சொல்லாகும்போது தவறான கடமையைக் கூடவே அழைத்து வந்துவிடும். ‘சீட்டு’ என்ற சொல்லைச் சேர்க்கலாமே என்று அதே இழையில் கேட்ட ஸ்ரீராமபுரத்து ஐயாவுக்கும் இதே விடைதான். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட ஒரு தொழிலின் பெயரை வேறொன்றுக்குச் சூட்டுவது முறையன்று.

மிச்சமிருப்பது ‘முன்வெளியீட்டுத் திட்டம்’. தமிழ்ப் பதிப்புலகில் நன்கு வேரூன்றிய சொல் என்பதால் இதுதான் எனக்கு மிகவும் தயக்கம் தந்தது. ஆனால் முன்வெளியீட்டுத் திட்டத்தில் நூல் வருவது உறுதி. பதிப்பாளர் வெளியிட முடிவு செய்துவிட்ட பெருநூலைச் சலுகை விலையில் முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறோம். இங்கேயோ பணம் சேர்ந்தால்தான் நூல் உண்டு. அந்த நிபந்தனை இச்சொல்லில் இல்லை. ‘சந்தா’வும் இதே காரணத்தால் பொருந்தாது, அது காலந்தோறும் கட்டுவது என்ற பொருளில் நிலைத்துவிட்டது.

இனி, ‘கையொப்பம்’. 19ஆம் நூற்றாண்டில் தமிழ் நூல்களை அச்சிட முனைந்தவர்கள் கைமுதல் இல்லாமல் தவித்தபோது கையாண்ட வழிக்கு இதுவே பெயர். அச்சாகவிருக்கும் நூலுக்கு இத்தனை படிகள் வாங்கிக்கொள்வதாகவோ இவ்வளவு தொகை தருவதாகவோ ஒப்புக்கொண்டு அன்பர்கள் கையொப்பமிட்டார்கள். அவர்களுக்குக் கையொப்பக்காரர்கள் என்று பெயர். உ.வே. சாமிநாதையர் 1887இல் வெளியிட்ட சீவக சிந்தாமணிக்கும் இவ்வாறு கையொப்பம் சேர்த்தார் என்பதை அவருடைய தன்வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். நூல் உருவாகுமுன் வாக்குறுதி, அந்த வாக்குறுதியின் பலத்தில் அச்சு வேலை, முடிந்தபின் கையொப்பமிட்டவருக்கு நூல் என்ற மூன்று கூறுகளும் இன்றைய முறையோடு அப்படியே பொருந்துகின்றன. நம் மொழியில் இந்தப் பொருளுக்கென்றே வழங்கிய ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஒன்றை ஆக்குவதைவிட அதை மீட்டெடுப்பதே சிறப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு மறுப்புகள் எழும். கையொப்பம் என்றால் இன்றைய வாசகர் வெறும் கையெழுத்து என்றுதானே கொள்வார் என்பது ஒன்று. அன்றாடப் பேச்சில் நாம் சொல்வது கையெழுத்து. கையொப்பம் பெரும்பாலும் ஆவண நடைக்கு உரியதாக ஒதுங்கி நிற்பதால், அதற்குள் ‘ஒப்புதல்’ என்ற பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘நிதி’ என்பதோடு சேரும்போது மயக்கம் பெரிதும் நீங்கும். மற்றொன்று, இச்சொல்லில் ‘கிரவுட்’ எங்கே என்பது. பலர் சேர்வது இம்முறையின் தோற்றம், முன்கூட்டிய வாக்குறுதியே அதன் இயல்பு. பத்தாயிரம் பேர் பணம் கொடுத்தாலும் நிபந்தனையில்லாமல் கொடுத்தால் அது வேறொன்றாகிவிடும். இருபது பேரே பதிவு செய்தாலும் இலக்கை எட்டினால் கொடுப்பதாகச் சொன்னால் அது இதுவேதான்.

சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்க, அறிவிப்பின் முதற்பத்தியை இவ்வாறு எழுதிப் பார்த்தேன்: ‘பாதாளக் கோட்டைகளும் பகடைகளும் எளிய விதிகளும் கொண்ட இந்த ஆட்டத்தைக் கையொப்ப நிதி வழியாக வெளியிடுகிறோம். கையொப்பத் தொகைகள் இலக்கை எட்டினால் மட்டுமே உங்களிடமிருந்து பணம் பெறப்படும். அச்சு நூலுக்குக் கையொப்பமிடுவோர் அனைவருக்கும் மின்னூலும் வழங்கப்படும்.’ இதே பத்தியில் திரள்நிதி என்றோ கூட்டுநிதி என்றோ இட்டுப் படித்தால், இரண்டாவது வாக்கியம் தனியாக ஒரு விளக்கத்தை வேண்டி நிற்பதை உணரலாம்.

இதையொட்டிய மற்றச் சொற்களில் எனக்குப் பெரிய சிக்கல் தோன்றவில்லை. தருவதாகப் பதிவு செய்யும் தொகையான ‘பிளெட்ஜ்’ என்பதற்குக் கையொப்பத் தொகை, அவ்வாறு பதிவு செய்பவரான ‘பேக்கர்’ என்பதற்குக் கையொப்பதாரர். ‘புரவலர்’ என்று சிலர் எழுதியிருந்தார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த மரபில் வந்த சொல்லை ஐந்நூறு ரூபாய் தந்து ஒரு படிக்குக் காத்திருப்பவருக்குச் சூட்டுவது அவருக்கே கூச்சம் தரும். ‘ஸ்ட்ரெட்ச் கோல்’ என்பதற்கு மட்டும் இன்னும் மனம் நிறையவில்லை. இலக்கைத் தாண்டிப் பணம் சேர்ந்தால் கூடுதல் ஓவியங்கள், கூடுதல் கதைக்களங்கள் என்று படிப்படியாக அறிவிக்கப்படுபவை அவை. ‘மேலிலக்கு’ என்பது சுருக்கமாக இருக்கிறது, ஆனால் முதல் இலக்கைவிட இது உயர்ந்தது என்ற தொனி அதில் வருகிறது. ‘கூடுதல் இலக்கு’ தெளிவாக இருக்கிறது, ஆனால் சற்று நீளம். அறிவிப்பில் இச்சொல் பல இடங்களில் வருவதால், பக்கம் வெளியாகுமுன் இந்த ஒன்றைப் பற்றி மட்டுமாவது நண்பர்கள் கருத்தெழுத வேண்டுகிறேன். ஜீவன்பீமாநகர் தம்பி அதுவரை ‘கூடுதல் இலக்கு’ என்றே எழுதி வைக்கலாம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து