டர்பனில் இரண்டு நாள்: பன்னி, பியர், பாட்டு. எங்கே போகலாம்?

மிட்ராண்ட் மாப்பிள்ளை:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) பக்கம் வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் டர்பன் பார்க்கவில்லை என்றால் ஆபீஸில் சிரிக்கிறார்கள். ஜூலை முதல் வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புவதாகத் திட்டம், ஐந்தாவது கல்யாண நாள். நான் மட்டன் ஆள், பியரும் உண்டு. மனைவி சுத்த சைவம், குடிக்க மாட்டாள், ஆனால் பாட்டு என்றால் விடிய விடிய உட்காருவாள். சிங்கம், சுறா எதுவும் வேண்டாம். நன்றாகச் சாப்பிட வேண்டும், ராத்திரி நேரில் பாட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். காரா, விமானமா? குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றித் தரும் அந்த பன்னி சௌ சைவத்தில் கிடைக்குமா, இல்லை அவளுக்கு சிப்ஸ்தான் கதியா?

உம்பிலோவாசி:
முதலில் தேதியை மாற்றுங்கள். ஜூலை முதல் சனிக்கிழமைதான் வழக்கமாக கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். ஊரே தொப்பியும் மினுமினுப்புமாகத் திரியும், அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கேட்டால் தலை சுற்றும். ஒரு வாரம் தள்ளி வாருங்கள். நீங்கள் அங்கே ஜூலைக் குளிரில் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடக்கும் நாளில் இங்கே பகலில் 22, 23 டிகிரி.

பன்னிக்கும் ஆங்கிலத்தில் பன்னி என்கிற முயலுக்கும் சம்பந்தமில்லை, வணிகரைக் குறிக்கும் பனியா என்ற சொல்தான் அப்படி ஆனது என்பார்கள். 'கால் மட்டன்' என்று கேட்க வேண்டும். கால் என்பது ரொட்டியின் அளவு. ரொட்டியைக் குடைந்து உள்ளே கறியை ஊற்றி, குடைந்தெடுத்ததை மேலே மூடியாக வைத்துத் தருவார்கள். அந்த மூடியைப் பிய்த்துத் தோய்ப்பதில் ஆரம்பித்து, சுவரை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்துக்கொண்டு வாருங்கள். அவசரப்பட்டு ஓரத்தில் ஓட்டை போட்டால் குழம்பு மடியில். முதல் தடவை நான் வெள்ளைச் சட்டையில் போனேன், மேலே சொல்ல வேண்டாம். முள்கரண்டி கேட்காதீர்கள். கூடவே சாம்பல்ஸ் வரும், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய்தான்.

டர்பனின் உம்பிலோ பகுதியில் கவுண்டன்ஸ், உம்கேனி சாலையில் பிரிட்டானியா ஹோட்டல், இரண்டும் பேர் போனவை. கவுண்டன் என்ற பெயரை நம்பி கொங்கு நாட்டுக் குழம்பை எதிர்பார்த்துப் போனவன் நான். ம்கூம். தேங்காய் கிடையாது, சிவப்பு மசாலாவும் உருளைக்கிழங்கும் கறிவேப்பிலையுமாக வேறு ஒரு சாமான். சைவத்துக்கு பீன்ஸ் பன்னி, பச்சைக் காய் இல்லை, பீன்ஸ் கொட்டைக் கறி. ரொட்டி சரியாக ஊறுவது அதில்தான், என்னைக் கேட்டால் மட்டனைவிட ஒரு படி மேல். ஒரே கரண்டியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனி காலை விக்டோரியா தெரு சந்தை. மசாலாவைக் கோபுரமாகக் குவித்து வைத்திருப்பார்கள், அதில் மிகக் காரமானதன் பெயர் 'மாமியார் ஒழிப்பான்'. பக்கத்திலேயே டாக்டர் கூனம் தெரு. பழைய பிரின்ஸ் எட்வர்ட் தெருவுக்கு இங்கே பிறந்து எடின்பரோவில் படித்த ஒரு தமிழ்ப் பெண் மருத்துவரின் பெயர்.

பாட்டு எனக்குத் தெரிந்த வரை: பல்கலைக்கழக ஜாஸ் மையத்தில் அருமையான கச்சேரிகள் நடக்கும், ஆனால் புதன் மாலை, உங்களுக்கு உதவாது. துறைமுகத்தை ஒட்டிய பாயின்ட் பக்கம் 'தி சேர்மன்' என்ற இடத்தில் வார இறுதியில் ஜாஸ் உண்டு, போன் செய்துவிட்டுப் போங்கள்.

லாரிக்குப் பின்னால்:
வெள்ளி மாலை காரில் கிளம்புவதை மறந்துவிடுங்கள். என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர், வான் ரீனன் கணவாயில் லாரிக்குப் பின்னால் லாரி, குளிர்காலத்தில் மூடுபனி வேறு. நாங்கள் 5 மணிக்குக் கிளம்பி விடியற்காலை 2 மணிக்குச் சேர்ந்தோம், கல்யாண நாள் சண்டை நாளாகப் போனது. விமானம் ஒரு மணி நேரம் சொச்சம்தான். கிங் ஷாகா விமான நிலையம் ஊருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள். ஊருக்குள் ஊபர். கடற்கரையில் பாட்டிலைத் திறக்காதீர்கள், பிடிப்பார்கள்.

நாலாம் தலைமுறை:
நான் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவள், தமிழ் எழுதக் கற்றது நாற்பது வயதுக்கு மேல், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உம்பிலோவாசி அண்ணா, எங்கள் கறியை உங்கள் ஊர்க் குழம்போடு வைத்து மார்க் போடாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கியவர்களும் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசி பருப்பில் சமைத்தார்கள். தேங்காய்க்கு எங்கே போவார்கள்?

அக்கா விடிய விடிய உட்காருவார் என்றால் ஜாஸை விடுங்கள், இசிகாதமியா கேளுங்கள். வாத்தியமே இல்லை, ஆண்கள் வரிசையாக நின்று குரலாலேயே பாடுவார்கள், பூனைபோல மெல்ல அடி வைத்து ஆடுவார்கள். வேலை தேடி வந்து விடுதிகளில் தங்கிய ஜூலு ஆண்களின் பாட்டு. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ என்ற குழுவால் உலகத்துக்கே தெரிந்தது. போட்டி சனி இரவு தொடங்கினால் ஞாயிறு காலை வரை போகும். ஒரு காலத்தில் யாரையும் தெரியாத வெளியாளைக் கூட்டிவந்து நடுவராக உட்கார வைப்பார்களாம், எவ்வளவு நல்ல யோசனை பாருங்கள்! இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஹோட்டல் வரவேற்பில் கேட்டால் முழிப்பார்கள். வாசல் காவலரிடம் ஜூலுவில் 'சவுபோனா' என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மிட்ராண்ட் மாப்பிள்ளை:
போய் வந்தோம், ஒரு வாரம் தள்ளித்தான். 'கடல் தெரியும் அறை' என்று பணம் வாங்கிய ஹோட்டலில் கார் நிறுத்துமிடம் நன்றாகத் தெரிந்தது, போகட்டும். மனைவி பீன்ஸ் பன்னி கால் ரொட்டியை முடித்துவிட்டு, என் ரொட்டியில் கறி படாத பக்கம் எது என்று கேட்டாள்.

நாலாம் தலைமுறை அக்கா, நீங்கள் சொன்னபடியே காவலரைக் கேட்டோம். அவர் மச்சானே பாடுகிறாராம், முகவரி எழுதிக் கொடுத்தார். ஒரே மாதிரி கோட்டு, வெள்ளைக் கையுறை, பளபளக்கும் ஷூ, பதினைந்து பேர் மூச்சை ஒன்றாக இழுக்கும் சத்தம் முதலில் கேட்கிறது, அப்புறம்தான் பாட்டு. கீழ்க்குரல்காரர்கள் தம்பூரா மாதிரி என்றாள் மனைவி. இரண்டு பியருக்குப் பிறகு நான் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன், 4 மணிக்கு எழுப்பியபோது கைதட்டிச் சிவந்த கையைக் காட்டினாள்.

சந்தையில் அந்த மசாலாவும் கால் கிலோ வாங்கியாயிற்று. அடுத்த மாதம் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். பாக்கெட்டில் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது, வேறு டப்பாவில் கொட்டி வைக்க வேண்டும்.