ஜான் வெய்னில் இரவு 11 மணிக்கு மேல் இறங்க முடியாது: எங்கள் அனுபவம்

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், இர்வைனில். ஜான் வெய்ன் விமான நிலையம் பக்கத்திலேயே. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவுடன் டென்வரிலிருந்து திரும்பியபோது விமானம் ரொம்பத் தாமதம். "11 மணிக்குள் போய்ச் சேர முடியாது, லாஸ் ஏஞ்சலிஸில் இறங்குகிறோம்" என்று அறிவித்துவிட்டார்கள். நள்ளிரவில் பஸ் பிடித்து வீடு வந்தோம். "ஓடுபாதை சும்மாதானப்பா கிடக்கும், ஏன் இறக்க மாட்டேங்கிறாங்க?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார்.

காரணம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போட்ட இரவுத் தடை. பயணிகள் விமானம் இரவு 10-க்கு மேல் கிளம்பக் கூடாது, 11-க்கு மேல் இறங்கக் கூடாது. காலை 7 வரை இப்படி, ஞாயிறென்றால் 8. இதைத் தளர்த்த முடியாமல் பூட்டி வைத்திருப்பது 1985 ஒப்பந்தம். நிலையம் ஆரஞ்சு கவுண்டிக்குச் சொந்தம், சத்தம் மட்டும் நியூபோர்ட் பீச் நகரத்துக்கு. விரிவாக்கத்தை எதிர்த்து நகராட்சியும் இரண்டு குடிமக்கள் அமைப்புகளும் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டி, கடைசியில் சமரசமாகக் கையெழுத்திட்டார்கள். ஆண்டுக்கு 84 லட்சம் பயணிகள், அதற்கு மேல் கூடாது என்று வரம்பும் வந்தது.

கிளம்பும்போது கவனித்திருப்பீர்கள்: விமானம் செங்குத்தாக ஏறும், சட்டென்று எஞ்சின் சத்தம் குறையும். அதுவும் கீழே இருக்கும் வீடுகளுக்காகத்தான்.

1990-இல் வந்த கூட்டரசுச் சட்டத்துக்குப் பிறகு, எந்த ஊரும் நினைத்தபடி புதிதாக இப்படித் தடை போட முடியாது. முன்பே இருந்ததால் இது தப்பியது. நியூபோர்ட்காரர்கள் இன்னும் சில வருடம் தயங்கியிருந்தால் இன்றைக்கு மனு கொடுத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அன்றைய அலைச்சலுக்குப் பிறகும் நான் அவர்கள் பக்கம்தான்.

பதில்:

நானும் இர்வைன்தான், கிரேட் பார்க் பக்கம். இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிருந்த எல் டோரோ மரைன் படை விமானத் தளம் 1999-இல் மூடப்பட்டபோது, அதைப் பெரிய விமான நிலையமாக்கச் சொன்னது நியூபோர்ட் பீச். இர்வைன் கடுமையாக எதிர்த்தது. 2002 வாக்கெடுப்பில் அந்தத் திட்டம் விழுந்தது. நம் பிள்ளைகள் இன்று பந்து விளையாடுகிற பூங்கா அந்த இடம்தான். கூட்டமெல்லாம் ஜான் வெய்னுக்கே போனது. 2003-இல் ஒப்பந்தத்தைத் திருத்தி வரம்பை 103 லட்சமாக்கினார்கள், அப்புறம் இன்னும் கூடியது. நமக்குக் கிடைத்த அமைதிக்கு விலை கொடுத்தது அவர்கள்.

இப்போதைய வரம்பு 2030 வரை, இரவுத் தடைக்கான உறுதி 2035 வரை. அடுத்த பேச்சு தொடங்கும்போது இர்வைன்காரர்களும் கூட்டத்துக்குப் போய் நியூபோர்ட் பீச்சுக்காகப் பேச வேண்டும் என்பது என் கட்சி.