எனாமல் சட்டியில் கருகிப் பிடித்ததற்கு என்ன சொல்?

சென்னையிலிருந்து:
நண்பர்களே, வியாழனுக்குள் ஒரு பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் முடித்துக் கொடுக்க வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்புச் சட்டி. மொத்தம் 8 பக்கம். 'பர்ன்ட்-ஆன் ஸ்டெயின்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். 'எரிந்த கறை' என்று போட்டேன், எனக்கே சிரிப்பு வந்தது. எரிந்தது பால்தானே, கறையா? கையேடு மூன்றைப் பிரித்துப் பேசுகிறது: அடியில் கருகி ஒட்டிய உணவு, எனாமலில் ஏறிவிட்ட பழுப்பு, கரண்டி உரசி விழுந்த சாம்பல்நிறக் கோடு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு என்பதால் மூன்று சொல் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து:
தம்பி, சொல் கையிலேயே இருக்கிறது: காந்தல். காந்துதல் என்றால் எரிதல், கருகுதல். பானையடியில் தீய்ந்த சோற்றைக் காந்தல் என்றுதான் என் பாட்டி சொல்வார். கறையையும் சேர்த்தால் காந்தற்கறை, புணர்ச்சியும் சுத்தம். தீக்கொழுந்து போல் பூக்கிற காந்தளும் இந்த வேர்தான் என்பார்கள். காந்தமும் அப்படித்தான் என்பது என் நெடுநாள் எண்ணம்.

மதுரையிலிருந்து:
ஐயா, காந்தத்தை விட்டுவிடுங்கள், அது அயஸ்காந்தம் என்ற வடசொல்லின் வால். காந்தல் என்றால் எங்கள் பக்கம் வயிற்றெரிச்சல். கையேட்டைப் படிப்பவர் மருந்துக் கடைக்குப் போவார். என் முன்மொழிவு: அடிப்பற்று. 'பத்துப்பாத்திரம் தேய்க்கிறது' என்கிறோமே, அந்தப் பத்து எண்ணிக்கை இல்லை. சோற்றுப் பற்று ஒட்டிய பற்றுப்பாத்திரம். உலோகத்தை ஒட்டவைக்கும் பொடிக்குப் பழைய பெயர் பற்றாசு. 'பற்றுக பற்று விடற்கு' என்று வள்ளுவர் வழியே காட்டிவிட்டார், சோடா உப்பைத்தான் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:
நாங்கள் 'அடிப்பிடிச்சுப் போச்சு' எண்டு சொல்லுவம், வேற சொல் கேட்டதில்லை. எனாமல் கோப்பையில்தான் சின்னனில சோறு சாப்பிட்டது. (கோப்பை எண்டால் எங்களுக்குத் தட்டு, போன வருசம் இதே குழுவில் அதற்கு ஒரு சண்டை நடந்தது.) பற்று எண்டால் வங்கியில் பற்று வரவு எல்லோ?

கோவையிலிருந்து:
எல்லோரும் கறையைத் தேய்க்கிறீர்கள், எனாமல் என்ற ஆங்கில அழுக்கு யார் கண்ணிலும் படவில்லையா? பளிங்குப்பூச்சு என்று எழுதலாம். பீங்கான் பூச்சு என்று யாரும் கிளம்ப வேண்டாம், பீங்கான் பாரசீகம்.

சேலத்திலிருந்து:
அண்ணா, பளிங்கு என்றால் சனங்களுக்குத் தரையில் போடும் மார்பிள். எனாமல் டம்ளர் தெரியாத வீடு உண்டா? நான் சூளைத் தொழிலில் இருப்பவன், ஒன்று சொல்கிறேன். கண்ணாடித் தூளை இரும்பின் மேல் படியவைத்து, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் உருக்கிப் பிடிக்கவைப்பதுதான் எனாமல். சட்டியின் மேல் இருப்பது கண்ணாடி என்று படிப்பவருக்குப் புரியாவிட்டால் நம் சொல் எதற்கும் உதவாது. எங்கள் வீட்டில் அம்மா 'இரும்புச் சட்டி' என்று கேட்டவுடன் கம்பி நாரை எடுத்துத் தேய்த்துவிட்டார். கறுப்பு போனது, கூடவே மினுமினுப்பும். இப்போது அந்த இடத்தில்தான் முதலில் பிடிக்கிறது.

இன்னொன்று. தோசைக்கல்லில் எண்ணெய் காய்ந்து ஏறிய கறுப்பு நமக்கு வேண்டியது. பழக்கிய கல் என்று பாராட்டுகிறோம். எனாமலில் அதே எண்ணெய் காய்ந்தால் பிசுக்கு என்று திட்டுகிறோம். சூடான சட்டியில் பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். இரும்பும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது, விரிசல் விழும்.

மதுரையிலிருந்து:
அப்படியானால் பற்று வேறு, கறை வேறு என்பது இன்னும் உறுதியாகிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படுவது பற்று. தட்டுப்படாத நிறம் கறை. கறைமிடற்றண்ணல் கழுத்தில் இருப்பது நிறம்தானே, ஒட்டிய பருக்கை இல்லையே.

கோவையிலிருந்து:
சிவபெருமானைச் சட்டிக்குள் இழுத்தாயிற்று. எனாமல் மட்டும் அப்படியே இருக்கட்டும், இல்லையா?

சென்னையிலிருந்து:
புதன் இரவு 11 மணி. எண்ணிப் பார்த்ததில் அடிப்பற்றுக்கு 5 பேர், காந்தலுக்கு 2 பேர், மற்றவர்கள் வாழைப்பூ வடைக்குத் தாவிவிட்டார்கள். முதல் இடத்தில் 'அடிப்பற்று, அதாவது அடிப்பிடித்துக் கருகியது' என்று எழுதி, பிறகு அடிப்பற்று மட்டும். நிறத்துக்குக் கறை. கோட்டுக்கு உரசல் தடம். எனாமல் எனாமலாகவே இருக்கிறது. முதல் பக்கத்தில் 'கண்ணாடிப் பூச்சு' என்று ஒருமுறை விளக்கிவிட்டேன். கோவை அண்ணன் மன்னிக்க.

அப்புறம், வீட்டுச் சட்டியில் செய்தும் பார்த்தேன். கருகல் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, 2 மேசைக்கரண்டி சோடா உப்பு போட்டு, சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டேன். மரக்கரண்டியால் நெம்பியதும் பற்று தோல்போல உரிந்து வந்தது. அடியில் ஒரு பழுப்பு வளையம் மட்டும் போகவில்லை. நகத்தில் எதுவும் தட்டுப்படவும் இல்லை.

கோவையிலிருந்து:
என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். பளிங்குப்பூச்சு.

தஞ்சாவூரிலிருந்து:
உரிந்து வந்தது பற்று, சரி, ஒத்துக்கொள்கிறேன். வெற்றிலைக் காவிக்கும் கறை, தீயால் ஏறிய வளையத்துக்கும் கறையா? காந்தல் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது தம்பி.