அறுபது கிரெடிட் சேர்ந்தது, பட்டம் சேரவில்லை: கம்யூனிட்டி காலேஜ் அனுபவங்கள்

திரியைத் தொடங்கியவர், டல்லாஸ் வட்டாரம், டெக்சாஸ்

அனைவருக்கும் வணக்கம். கம்யூனிட்டி காலேஜில், அதாவது இங்குள்ள இரண்டாண்டு அரசுக் கல்லூரியில், தொழில்சார்ந்த இரண்டாண்டுப் பட்டம், அதாவது ஏ.ஏ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ் பட்டம் பெற என்னென்ன தேவை என்று பலரும் கேட்டுக்கொண்டே இருப்பதால், நான் பட்ட பாட்டை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் 2018 இலையுதிர் செமஸ்டரில் சேர்ந்தேன். 2023 மே மாதத்தில்தான் முடித்தேன். இரண்டாண்டுப் பட்டத்துக்கு ஐந்தாண்டு ஆனதில் பாதிக் குற்றம் என்னுடையது.

மதுரையில் பி.காம். முடித்து, திருமணமாகி இங்கே வந்து, எட்டு வருடம் வீட்டிலிருந்த பிறகு ரேடியோகிராபி படிக்கலாம் என்று முடிவு செய்தேன். எக்ஸ்ரே எடுக்கும் வேலைதான். "அறுபது கிரெடிட் எடுத்தால் பட்டம்" என்று எல்லோரும் சொன்னார்கள். கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் மதிப்பு அலகு. அது பொய்யும் இல்லை. ஆனால் எந்த அறுபது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டெக்சாஸில் ஏ.ஏ.எஸ். பட்டத்துக்குரிய அறுபதில் பதினைந்து கிரெடிட்டாவது பொதுக்கல்விப் பாடங்களாக இருக்க வேண்டும். அந்தப் பதினைந்துக்குள் மொழி, இலக்கியம் போன்ற மானுடப் பண்பியல் அல்லது கலைப் பாடம் ஒன்று, சமூக அறிவியல் ஒன்று, இயற்கை அறிவியல் அல்லது கணிதம் ஒன்று கட்டாயம் வர வேண்டும். மீதியில் பெரும்பகுதி தொழிற்பாடம். நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கான ஏ.ஏ., அதாவது அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ், பட்டத்திலோ பொதுக்கல்வி மட்டுமே நாற்பத்திரண்டு கிரெடிட். பெயரில் இரண்டும் அசோசியேட் என்று தொடங்குவதால் ஒன்றேதான் என்று நினைத்துக்கொண்டு, ஏ.ஏ. படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுத் தோழியுடன் சேர்ந்து அமெரிக்க வரலாறு இரண்டு, அரசியலமைப்பு இரண்டு என்று பன்னிரண்டு கிரெடிட்டை ஒரு வருடத்தில் முடித்தேன். நான்கிலும் நல்ல மதிப்பெண். டெக்சாஸ் மாநிலத்தின் ஆளுநருக்கு என்ன அதிகாரம், என்ன இல்லை என்பது இன்றும் எனக்கு மனப்பாடம். பிறகு ரேடியோகிராபி துறையின் அட்வைசர் என் பட்டத் திட்டத்தைத் திரையில் திறந்து காட்டியபோது, சமூக அறிவியல் பெட்டியில் "பொது உளவியல்" என்று பாடத்தின் பெயரே அச்சாகியிருந்தது. நான் படித்த நான்கும் திட்டத்தின் அடியில், எங்கும் பொருந்தாத பாடங்கள் என்ற தலைப்பின்கீழ் வரிசையாகக் கிடந்தன. பன்னிரண்டு கிரெடிட்டும், அதற்குக் கட்டிய பணமும் அங்கேயே நின்றுவிட்டன.

அன்று அவர் சொல்லித்தந்த ஒரு சின்ன விஷயத்தை முன்பே அறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெக்சாஸ் கல்லூரிகளின் பொதுப் பாட எண்களில் முதல் இலக்கம் பாடத்தின் நிலையையும், இரண்டாவது இலக்கம் கிரெடிட்டையும் குறிக்கும். பயாலஜி 2401 என்றால் இரண்டாம் ஆண்டு நிலை, நான்கு கிரெடிட். இங்கிலிஷ் 1301 என்றால் முதலாண்டு, மூன்று கிரெடிட். முதல் இலக்கம் பூஜ்யமாக இருந்தால் அது அடிப்படைப் பயிற்சிப் பாடம். அதற்குக் கட்டணம் உண்டு, பட்டத்தில் கணக்கு கிடையாது. கணிதத் தகுதித் தேர்வைத் தயாரிப்பின்றி எழுதியதால் அப்படி ஒரு பூஜ்யப் பாடமும் டிரான்ஸ்கிரிப்ட் எனும் என் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. பி.காம். படித்தவளுக்குக் கணக்கு வராதா என்ற மிதப்பு.

என் இந்தியப் பட்டத்தை மதிப்பீடு செய்யக் கொடுத்ததில் ஒரு நல்லது நடந்தது. மதிப்பீட்டு நிறுவனங்கள் இரண்டு வகையில் அறிக்கை தரும்; பட்டத்தை மட்டும் மதிப்பிடுவது விலை குறைவு, பாடவாரியாக மதிப்பிடுவது கூடுதல். கிரெடிட் மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவதுதான் பயன்படும். கணக்கியல் பாடங்கள் எதுவும் ரேடியோகிராபிக்கு உதவவில்லை. ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையும் ஏற்கவில்லை. ஆனால் நம் கல்லூரிகளில் பகுதி ஒன்று என்று தமிழ் படிப்போமே, அதை அறிக்கையில் தமிழ் இலக்கியம் என்று போட்டிருந்தார்கள். துறைத் தலைவரிடம் பாடத்திட்ட நகலைக் காட்டி, மாற்றுப்பாடப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதும் மானுடப் பண்பியல் பெட்டி நிரம்பிவிட்டது. பி.காம். வகுப்பில் தமிழ்ப் பாடவேளையின்போது கேண்டீனுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்தாலும் பட்டத்தின் கால் பங்கையாவது, அதாவது பதினைந்து கிரெடிட்டையாவது, பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும்.

உடற்கூறும் உடலியங்கியலும் இரண்டு செமஸ்டர். அவற்றில் சி கிரேடுக்குக் கீழே வந்தால் செல்லாது. எங்கள் துறையில் படித்து ஐந்தாண்டு கடந்துவிட்டாலும் செல்லாது. கல்லூரியில் இடம் கிடைப்பதும் ரேடியோகிராபி திட்டத்தில் இடம் கிடைப்பதும் வேறு வேறு என்பதும் அப்போதுதான் உறைத்தது. கல்லூரி யாரையும் சேர்த்துக்கொள்ளும். துறைக்குத் தனி விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, முன்பாடங்களின் மதிப்பெண்ணுக்குப் புள்ளிகள் எல்லாம் உண்டு. முதல் முறை இடம் கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை கிடைத்தபோது, மருத்துவமனைப் பயிற்சிக்குமுன் காட்ட வேண்டிய சான்றுகளின் பட்டியல் வந்தது: பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, உயிர்காக்கும் முதலுதவிச் சான்று, ஹெபடைடிஸ் பி, தட்டம்மைத் தடுப்பூசிகள், காசநோய்ச் சோதனை. காசநோய்ச் சோதனைக்காக முன்கையில் தோலுக்குள் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். போனபோது செவிலியர் தடிப்பின் குறுக்கே அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு மில்லிமீட்டர்" என்றார். பத்து மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் எங்களுக்குப் பாசிட்டிவ். குழந்தையில் போட்ட பி.சி.ஜி. எனும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைச் சட்டைக் கையை ஏற்றிக் காட்டினேன்; அந்தத் தடுப்பூசியால் தோல் சோதனை இப்படிக் காட்டக்கூடும் என்பது அவருக்கும் தெரியும், ஆனால் படிவத்துக்குத் தெரியாதே. மார்பு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். எக்ஸ்ரே எடுக்கக் கற்றுக்கொள்ளப் போனவள், முதல் வாரத்திலேயே தகட்டில் மார்பை ஒட்டி, தோளை முன்னே உருட்டி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு செய்த இரத்தச் சோதனையில் நெகட்டிவ் வந்தது. இரத்தச் சோதனையை பி.சி.ஜி. பாதிப்பதில்லை. ஆகவே இந்தியாவில் பிறந்தவர்கள் தோல் சோதனைக்குக் கையை நீட்டுமுன் இரத்தச் சோதனையை ஏற்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியைப் பற்றி ஒன்று மட்டும். வாரத்தில் மூன்று நாள் காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் நின்று, ஒரு செமஸ்டரில் முந்நூறு மணி நேரத்துக்குமேல் உழைத்தாலும் டிரான்ஸ்கிரிப்டில் அது மூன்று நான்கு கிரெடிட்டாகத்தான் தெரியும். அறுபதை இரண்டால் வகுத்துக் காலத்தைக் கணக்கிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

எங்கள் வகுப்பில் ஒருவர் பயிற்சியையும் தொழிற்பாடங்களையும் முழுமையாக முடித்துவிட்டார். வேறு மாநிலத்தில் படித்த கணிதப் பாடம் ஒன்றை மாற்றும் வேலை மட்டும் பதிவாளர் அலுவலகத்தில் தேங்கிக் கிடந்தது. ரேடியோகிராபர்களுக்குத் தேசிய அளவில் சான்று வழங்கும் ஏ.ஆர்.ஆர்.டி. அமைப்பு, 2015 ஜனவரி முதல் குறைந்தது ஓர் அசோசியேட் பட்டமாவது இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாங்கள் தேர்வெழுதி வேலைக்குச் சேர்ந்தபோது அவர் மூன்று கிரெடிட்டுக்காகக் காத்திருந்தார்.

பதில், குயீன்ஸ், நியூயோர்க்

சகோதரியின் பதிவைப் படித்ததும் எனது கதையையும் எழுதத் தோன்றியது. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து அலைந்ததில் உயர்தரப் பரீட்சையை எழுதவில்லை. சாதாரண தரச் சான்றிதழும் தொலைந்துபோயிற்று. இங்கே புகலிடம் கிடைத்துப் பதினொரு ஆண்டுகள் உணவகங்களில் வேலை செய்த பின்னர், கொமியூனிற்றி கொலேஜ் ஒன்றில் விசாரிக்கப் போனேன். பாடசாலைப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். இல்லாததை எங்கிருந்து கொடுப்பது? அங்கிருந்த பெண்மணிதான், பத்திரத்தைத் தேடிக்கொண்டிருப்பதைவிட ஜி.ஈ.டி. என்ற உயர்நிலைப் பாடசாலைச் சமநிலைத் தேர்வை எழுதுவது விரைவானது என்றார். அது 2009ஆம் ஆண்டு. அப்போது ஐந்து தேர்வுகள் இருந்தன, 2014 முதல் நான்காகக் குறைத்துவிட்டார்கள். நான் நாற்பத்தொரு வயதில் எழுதினேன்.

நான் எடுத்தது மின்னணுத் தொழில்நுட்பத்தில் ஏ.ஏ.எஸ். எங்கள் மாநிலத்தில் கணக்கு வேறு: ஏ.ஏ.எஸ். பட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது அறுபதுக்கு இருபது கிரெடிட், பொதுக்கல்வியாக இருக்க வேண்டும். ஏ.எஸ். (அசோசியேட் இன் சயன்ஸ்) என்றால் பாதி, ஏ.ஏ. என்றால் முக்கால். ஏ.ஓ.எஸ். (அசோசியேட் இன் ஒக்கியுபேஷனல் ஸ்டடீஸ்) என்று இன்னொரு தொழிற்பட்டமும் உண்டு. அதற்குப் பொதுக்கல்வியே தேவையில்லை. ஆகவே டெக்சாஸில் உள்ளவர் சொல்வதை நியூயோர்க்கில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் சகோதரியோடு ஓர் இடத்தில் நான் முரண்படுகிறேன். அவர் பொதுக்கல்விப் பாடங்களை நிரப்ப வேண்டிய பெட்டிகளாகவே எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இருபது கிரெடிட்டில்தான் வாழ்க்கை திரும்பியது. வேலைக்கு விண்ணப்பித்தபோது மின்சுற்று வரைபடத்தை எவரும் கேட்கவில்லை; பழுதடைந்த இயந்திரம் ஒன்றைப் பற்றி ஒரு பக்க அறிக்கை எழுதச் சொன்னார்கள். ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் எனது முதற் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்து, ஆறு தடவை திருத்தி எழுதியிராவிட்டால் அன்று நான் அந்தப் பேனையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

பதில், சான் ஹோசே, கலிபோர்னியா

சுருக்கமாக எழுதுகிறேன். கலிபோர்னியாவிலும் அறுபது யூனிட்தான்; கிரெடிட்டை இங்கே யூனிட் என்பார்கள். அதில் குறைந்தது பதினெட்டு முதன்மைத் துறையில் சி அல்லது அதற்கு மேலான கிரேடுடனும், பன்னிரண்டு பட்டம் தரும் கல்லூரியிலேயும் இருக்க வேண்டும். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர் என்பதால், மென்பொருள் வேலை போனபின் கணக்கியல் பாடங்களை வீட்டுக்கு அருகே எது வசதியோ அந்தக் கல்லூரியில் என்று ஏழு கல்லூரிகளில் பிரித்துப் பிரித்துப் படித்தேன். மொத்தம் அறுபத்தேழு யூனிட் சேர்ந்தது. எந்தக் கல்லூரியிலும் பன்னிரண்டைத் தொடவில்லை என்பதைக் கடைசியில்தான் கண்டேன். ஒன்றில் பதினொன்று. இன்னும் ஒரு பாடம் படித்து முடித்த பிறகும் பட்டம் வீட்டுக்கு வரும் என்று காத்திருந்தேன். விண்ணப்பித்தால்தான் பட்டம் தருவார்கள், தானாக வராது என்று தெரிவதற்குள் அந்தப் பருவத்துக்கான கடைசி நாள் கடந்துவிட்டது. கல்லூரியின்மேல் கோபப்பட்டு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை நினைவூட்டி அனுப்பிய மடல்களை அதே இழையில் இணைத்துப் பதில் அனுப்பினார்கள்.

பதில், ஹியூஸ்டன், டெக்சாஸ்

வணக்கம் அக்கா. நான் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவிக்குரிய விசாவில், இருக்கிறேன். வேலை அனுமதி அட்டை இன்னும் இல்லை. நான் இதே படிப்பில் சேரலாமா? பிற்பாடு நான்காண்டுப் பட்டமாக மாற்றிக்கொள்ள முடியுமா?

திரியைத் தொடங்கியவர், டல்லாஸ் வட்டாரம்

குயீன்ஸ் அண்ணா சொன்னது சரிதான். வரலாற்றுப் பாடத்தில் இழந்த பணம் கண்ணை மறைத்துவிட்டது. எனக்கும் பேச்சுக்கலைப் பாடம் இல்லாவிட்டால், வலியில் துடிக்கும் நோயாளியிடம் "கொஞ்சம் திரும்புங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லும் தைரியம் வந்திருக்காது.

ஹியூஸ்டன் தங்கைக்கு: எச்-4 விசாவில் படிக்கத் தடையில்லை. மத்திய அரசின் பெல் உதவித்தொகை மட்டும் கிடைக்காது. அது குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்கள் போன்ற சில பிரிவினருக்கும்தான். சம்பளமில்லாத மருத்துவமனைப் பயிற்சி வேறு, சம்பளத்துடன் கூடிய பயிற்சி வேறு. இரண்டாவதற்கு வேலை அனுமதி கட்டாயம் வேண்டும். சில மருத்துவமனைகள் பின்னணிச் சோதனைக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கும் என்பதால், கட்டணம் கட்டுமுன் துறை ஒருங்கிணைப்பாளரிடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் கணவரின் ஐ-140, அதாவது பச்சை அட்டைக்காக அவருடைய நிறுவனம் கொடுக்கும் மனு, அனுமதிக்கப்பட்டிருந்தால் 2015இல் வந்த விதியின்படி நீங்களே வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

நான்காண்டுப் பட்டத்தைப் பொறுத்தவரை, ஏ.ஏ.எஸ். பட்டத்தின் தொழிற்பாடங்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகப் படிப்புகள் அப்படியே எடுத்துக்கொள்ளா. ஆனால் டெக்சாஸில் பி.ஏ.ஏ.எஸ்., அதாவது பேச்சிலர் ஆஃப் அப்ளைடு ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ், என்ற இளநிலைப் பட்டம் உண்டு. வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்றவை அதை வழங்குகின்றன. தொழிற்பாடக் கிரெடிட்டுகளை ஏற்பதற்காகவே அமைந்தது அது. நான் இப்போது அதில்தான் சேர்ந்திருக்கிறேன். வீணாய்ப் போனதாக மேலே எழுதினேனே, அந்த வரலாறும் அரசியலமைப்பும், மாநில அரசுப் பல்கலைக்கழகங்களின் எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் கட்டாயமாம். பன்னிரண்டு கிரெடிட்டும் போன வாரம் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.