புதுப்பிப்பு: தேயிலை விலைக் கூட்டத்துக்கு அனுமதி, ஆனால்...

பச்சைத் தேயிலை விலை பற்றிப் பேச விரும்பிய மாணவர் வட்டத்துக்கு, "இது அரசியல்" என்று ஊட்டியில் ஒரு கல்லூரி தடை போட்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் பேசப்போவதை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டுமாம். இதை ஏற்கவே முடியாது.

மாணவர் வட்டங்களை இப்படி அடக்கப் பார்ப்பது புதிதல்ல. 2015 மே மாதம் சென்னை ஐஐடி, பெயரில்லாத ஒரு புகாரை அடுத்து அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் அங்கீகாரத்தை எடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது, ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஊட்டியில் கூட்டம் நடத்தக் கேட்பவர்கள் கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகள். கூட்டத்துக்காக அவர்கள் ஒட்டி, பிறகு கிழிக்கப்பட்ட சுவரொட்டியில் இருந்ததே ஒரு கேள்விதான்: "கிலோவுக்கு என்ன கிடைக்கிறது?" வீட்டுச் சோற்றைப் பற்றிப் பேச எதற்கு முன் அனுமதி? நிபந்தனையை நீக்கச் சொல்லி திங்களன்று மனு கொடுக்கிறார்கள். முன்னாள் மாணவர்களும் கையெழுத்துப் போடலாம்.