சிமிழில் இருந்த இரும்பு

குழு: வடக்குத் தெரு வீடு

செவ்வாய்க்கிழமை

கவிதா, காலை 11:42
தாத்தாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. பயப்பட ஒன்றும் இல்லை. இங்கே சிக்னல் சரியில்லை, யாரும் போன் பண்ண வேண்டாம். எழுதுகிறேன்.

கவிதா, காலை 11:49
இடுப்பு வலிக்குத்தான் ஸ்கேன் எழுதியிருந்தார்கள். உள்ளே விடும் முன் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பேஸ்மேக்கர் உண்டா, உடம்பில் உலோகம் உண்டா என்று கேள்விகள். நான் வரிசையாக 'இல்லை' போட்டுக்கொண்டே வந்தேன். தாத்தா என் கையைப் பிடித்து நிறுத்தி, "அதுக்கு ஆமான்னு போடும்மா. வலது கால்ல இரும்பு இருக்கு" என்றார்.

மாலா, காலை 11:53
என்ன இரும்பு? அப்பாவுக்கு ஆபரேஷன் எதுவும் ஆனதில்லையே.

கவிதா, காலை 11:55
பாகிஸ்தான் ஷெல் துண்டு அத்தை. 71 போரில் பட்டதாம். உடனே எக்ஸ்-ரே எடுத்தார்கள்.
(படம்)
தொடை எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக மூன்று புள்ளிகள் தெரிகிறதா? பெரியது துவரம்பருப்பு அளவு. இதை வைத்துக்கொண்டு அந்தக் காந்தத்துக்குள் போனால் துண்டு நகரலாம் என்று சொல்லிவிட்டார்கள். சி.டி. போதும் என்கிறார் டாக்டர்.

முருகன், மதியம் 12:10
தழும்பு இருப்பது தெரியும். சின்ன வயதில் கேட்டதற்கு மாடு முட்டியது என்றார். இத்தனை வருஷமாக நான் அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தினேஷ், மதியம் 12:14
தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவப் பொறியியல் படை என்று தெரியும். சண்டைக்குப் போனதும் தெரியும். அடிபட்டதைப் பற்றி ஒரு நாள் கூடச் சொன்னதில்லையே.

செல்வம், மதியம் 1:05
இப்போதுதான் பார்த்தேன். 24 வருஷம் ராணுவத்தில் கிளார்க். எத்தனை பேருக்குக் காயப் பதக்கத்துக்குத் தாள் தட்டச்சு செய்து கொடுத்திருப்பேன். என் அப்பா காலில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. கவிதா, அந்த எக்ஸ்-ரேயைப் பத்திரமாக வை. "தொடையில் உலோகத் துண்டுகள்" என்று டாக்டரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்கு, தேதி போட்டு.

செவ்வாய்க்கிழமை இரவு

கவிதா, இரவு 8:31
சாப்பாடு முடிந்ததும் தாத்தாவே பேச ஆரம்பித்தார். பதிவு பண்ணிக்கொண்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன், என் சொல் எதுவும் இல்லை.

கவிதா, இரவு 8:58
"டிசம்பர் 15 ராத்திரி. பசந்தர் ஆறு. ஆறு என்று பேர்தான், நம் பாலாறு மாதிரி மழை பெய்தால்தான் ஆறு. கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்ணிவெடி. டாங்கி போக வழி திறப்பது சாப்பர் வேலை. டாங்கி மூக்கில் ட்ரால் என்ற, வெடி அகற்றும் கருவியை மாட்டி முன்னால் ஓட்டுவார்கள். அது தவறவிட்டதை நாங்கள் கையால் தேட வேண்டும். குப்புறப் படுத்து இரும்புக் குச்சியைச் சாய்வாகச் செருக வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் படும், அத்தோடு முடிந்தது. குச்சி எதிலாவது தட்டினால் விரலால் மண்ணை விலக்க வேண்டும். அந்தக் குளிரில் விரல் மரத்துவிடும், தொடுவது கல்லா இரும்பா என்று தெரியாது. விரலை வாயில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு மறுபடி தடவுவேன். ராத்திரி முழுக்க வாயில் அந்த மண்தான்.

எனக்குப் பின்னால் வெள்ளை நாடா போட்டுக்கொண்டு வந்தவன் தர்மபுரிக்காரன். வழி இதுதான் என்று காட்டுகிற நாடா. ஷெல் விழ ஆரம்பித்தது. எழுந்து ஓட முடியாது, எங்கே ஓடினாலும் வெடி. படுத்தபடியே வேலை பார்த்தோம். ஒன்று பக்கத்தில் விழுந்தது. தொடையில் யாரோ கொதிக்கிற கஞ்சியை ஊற்றின மாதிரி இருந்தது. வலி அப்புறம்தான் வந்தது. தர்மபுரிக்காரன் கட்டுத்துணியை அழுத்திக் கட்டி, அக்குளில் கைகொடுத்து, நாடா ஓரமாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனான். நாடாவை விட்டு ஒரு சாண் விலகவில்லை. எங்கள் வழி முழுசாகத் திறக்கும் முன்னாலேயே டாங்கிகள் உள்ளே போய்விட்டன, அவசரம் அப்படி.

கட்டுப் போடும் இடத்தில் ஒருத்தனுக்குக் கை இல்லை. ஒருத்தனுக்கு வயிறு திறந்து கிடந்தது. டாக்டர் என் காலில் பெரியதை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்தார். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பேர் எழுத வந்தவர்களிடம், 'நான் நடக்கிறேன், என்னை எழுத வேண்டாம்' என்று நான்தான் சொன்னேன். எழுதினால் வீட்டுக்குத் தந்தி போகும். ஊரில் தந்தி வந்தாலே சாவுச் செய்தி என்று நினைத்த காலம். அப்போது உங்கள் ஆயா ஏழு மாசம்."

முருகன், இரவு 9:20
நான் பிறந்தது 72 பிப்ரவரி.

மாலா, இரவு 9:24
அண்ணா.

செல்வம், இரவு 9:41
பசந்தர் என்றால் சின்ன இடம் இல்லை. மேற்கு எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானின் சகர்கர் பகுதி. அடுத்த நாள் 16ஆம் தேதி, 21 வயதில் அருண் கேத்ரபால் தீப்பிடித்த டாங்கியை விட்டு இறங்காமல் சண்டையிட்டு உயிர்விட்டது அங்கேதான், பரம்வீர் சக்ரா வாங்கியவர். வெடி வயலில் வழி திறக்கும்போது செத்த சாப்பர் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா. பாடத்தில் படித்து மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். அப்பா அந்த மண்ணில் குப்புறப் படுத்திருந்தார் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

தினேஷ், இரவு 9:46
மாமா, இப்போது விண்ணப்பித்தால் பதக்கம் கிடைக்குமா? பென்ஷனும் கூடுமா?

செல்வம், இரவு 10:15
இரண்டையும் கலக்காதே தினேஷ். காயப் பதக்கம், பராக்ரம் பதக் என்பார்கள், 1973-ல் ஏற்படுத்தியது. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்கு. 71-ல் அடிபட்டவர்கள் நிறையப் பேர் அதை அணிந்திருக்கிறார்கள். பணம் எதுவும் வராது.

போர்க்காயப் பென்ஷன் வேறு. அதற்கு ஊனம் எத்தனை சதவீதம் என்று மெடிக்கல் போர்டு சொல்ல வேண்டும். அப்பா 84-ல் வெளியே வந்தபோது முழுத் தகுதி என்று எழுதித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அதை இப்போது மாற்றுவது கஷ்டம். சென்னையில் ராணுவத் தீர்ப்பாயம் இருக்கிறது, போகலாம். அங்கே ஜெயித்தாலும், இவ்வளவு தாமதமாகப் போனால் நிலுவைத் தொகை பொதுவாக மூன்று வருஷத்துக்குத்தான் வரும், 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் என் யோசனை, முதலில் பதக்கத்துக்குப் போடுவோம்.

செல்வம், இரவு 10:22
சிக்கல் எங்கே என்றால், ராணுவத்தில் எதுவும் பார்ட் டூ ஆர்டர் என்கிற அதிகாரப்பூர்வப் பதிவில் ஒரு வரியாக வர வேண்டும். கல்யாணம், குழந்தை, காயம் எல்லாமே. அந்த வரி வராவிட்டால் காகிதத்தைப் பொறுத்தவரை ஷெல்லும் விழவில்லை, அப்பாவுக்கு அடியும் படவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்தேன். 71 போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பச்சிமி ஸ்டார் இருக்கிறது, சங்கராம் மெடல் இருக்கிறது. ஆக, மேற்கு முனையில் இருந்தார் என்பது உறுதி. காயம் பற்றி ஒன்றும் இல்லை.

மாலா, இரவு 10:30
அப்பாவே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே, இனிமேல் எங்கே போய்த் தேடுவது?

செல்வம், இரவு 10:38
ஒரு நல்லது இருக்கிறது அக்கா. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் தாள்களை 25 வருஷத்தில் அழித்துவிடுவார்கள். அப்பா பென்ஷன்காரர், அவருடைய ஷீட் ரோல், அதாவது பணிப் பதிவு, இருக்க வேண்டும். அதில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பதிவு ஏதாவது இருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் நாளைக்கே போடுகிறேன், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர்தான்.

புதன்கிழமை

முருகன், காலை 7:15
அப்பா வேண்டாம் என்கிறார். "கையும் காலும் போனவன் வாங்க வேண்டியது அது. நான் நடந்து வந்தவன், என்ன முகத்தோடு கேட்பேன்" என்கிறார். அப்புறம் காலை மடக்க முடியாமல் திண்ணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

மாலா, காலை 7:31
மார்கழி வந்தால் ஆயா ராத்திரியில் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுப்பார்களே, அது இதற்குத்தானா?

கவிதா, காலை 7:52
ஆமாம் அத்தை. ஆயா எல்லாம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். இப்போது உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள்.
(படம்)
இது பழைய குங்குமச் சிமிழ். உள்ளே இருப்பது காலில் இருந்து வந்த துண்டு. 79-ல் தாத்தா லீவில் வந்திருந்தபோது தொடையில் கொப்புளம் மாதிரி கிளம்பியதாம். ஆயா வேப்பிலை அரைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் சீழோடு இது வெளியே வந்ததாம். ஒரு ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிறது, தொட்டால் இன்னும் குத்துகிறது.

தினேஷ், காலை 7:58
கை நடுங்குகிறது இதைப் பார்த்து.

கவிதா, காலை 8:10
இன்னொன்றும் இருக்கிறது. இன்லண்ட் லெட்டர், மடிப்பில் கிழிந்திருக்கிறது.
(படம்)
"கால் சுளுக்கிக்கொண்டது, பதினைந்து நாளில் சரியாகிவிடும், நீ கனமான குடத்தைத் தூக்காதே" என்று எழுதியிருக்கிறார். தேதி 21.12.71. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டு வாத்தியார்தான் படித்துக் காட்டினாராம். "சுளுக்குக்கு எவனாவது ஆஸ்பத்திரியில படுப்பானா, எனக்கு அன்னைக்கே தெரியும்" என்கிறார்கள் ஆயா.

மாலா, காலை 8:16
சுளுக்கு என்று அப்பா கைப்பட எழுதியது நமக்கு எதிராகப் போகாதா தம்பி?

செல்வம், காலை 8:29
கவிதா, கடிதத்தின் பின்பக்கம் அனுப்புநர் முகவரியைக் காட்டு.

கவிதா, காலை 8:33
(படம்)
வார்டு எண், மிலிட்டரி ஆஸ்பத்திரி, 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் முகவரி).

செல்வம், காலை 8:40
இது போதும். சுளுக்கோ காயமோ, சண்டை முடிந்து நாலாம் நாள் மிலிட்டரி ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தார் என்பதற்கு அவருடைய கையெழுத்தும் தபால் முத்திரையும் இருக்கிறது. எக்ஸ்-ரே இருக்கிறது. இனி வேண்டியது பார்த்த சாட்சி. அண்ணா, அந்த தர்மபுரிக்காரர் இருக்கிறாரா?

முருகன், காலை 9:05
இருக்கிறார். ஆனால் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை. அப்பா போன் பண்ணினால் எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறாராம். "என் மேல அவனுக்கு என்ன கோபம்னு தெரியல" என்று அப்பா இரண்டு மூன்று தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம் போன் பண்ணுவதையே விட்டுவிட்டார்.

செல்வம், காலை 9:09
நம்பரை அனுப்பு. நான் பேசுகிறேன்.

வெள்ளிக்கிழமை

செல்வம், மாலை 6:20
எல்லாரும் இருக்கிறீர்களா? தர்மபுரியில் அவர் மகனிடம் பேசினேன். அவருக்குக் கோபம் எதுவும் இல்லை. காது கேட்கவில்லை. அந்த ஷெல்லில் இடது காதில் ரத்தம் வந்து, அன்றிலிருந்து அந்தக் காது இல்லை. இன்னொரு காதும் நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டது. போன் வந்தால் எடுப்பாராம், எதுவும் கேட்காது, கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு வைத்துவிடுவாராம். யார் என்று மகனிடமும் சொன்னதில்லை.

மாலா, மாலை 6:24
ஐயோ. இத்தனை நாள் இரண்டு பேரும் இப்படியா?

செல்வம், மாலை 6:31
அப்பா பெயரை மகன் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். எழுந்து உட்கார்ந்து, "அவனை நான்தான் நாடா ஓரமா இழுத்துக்கிட்டு வந்தேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம். பிரமாணப் பத்திரம் கொடுக்கத் தயார். அவருடைய காயமும் எங்கேயும் பதிவாகவில்லை. வெளியே வந்தபோது காது குறைவு என்று ஒரு வரி இருக்கிறது, காரணம் எழுதவில்லை. செவிப்பறை கிழிந்ததும் காயம்தான், ஆனால் நிரூபிப்பது நம்முடையதை விடக் கடினம். அவருக்கு அப்பா ஒருவர்தான் சாட்சி.

தாத்தா, மாலை 6:52
செல்வம். முதலில் அவன் மனுவை எழுது. என்னுடையது அப்புறம். இரண்டையும் சேர்த்து அனுப்பு. நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கவிதா, மாலை 6:54
தாத்தாவே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். இருபது நிமிஷம்.

செல்வம், மாலை 7:03
சரிப்பா. இரண்டும் ஒரே நாள், ஒரே தபாலில் போகும். ஞாயிற்றுக்கிழமை தர்மபுரி போவோம். அங்கே நோட்டரி ஒருவரை அவர் மகன் பார்த்து வைக்கிறார். நானும் அண்ணாவும் கூட வருகிறோம். எக்ஸ்-ரே, கடிதம், டிஸ்சார்ஜ் புத்தகம் எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி. கடிதத்தின் அசலை யாரிடமும் கொடுக்கக் கூடாது, காட்டிவிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

முருகன், மாலை 7:10
பஸ் வேண்டாம், அப்பாவால் அவ்வளவு நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்கார முடியாது. காருக்குச் சொல்லிவிட்டேன். காலை ஐந்தரைக்குக் கிளம்பலாம்.

மாலா, மாலை 7:18
நான் சனிக்கிழமை ராத்திரியே வந்துவிடுகிறேன். சிமிழையும் எடுத்துப் போகிறீர்களா?

கவிதா, மாலை 7:26
ஆயா தர மாட்டேன் என்கிறார்கள். படம் போதுமாம். தாத்தா வேறொன்று கேட்கிறார். அப்பா, நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போகும்போது ஒரு சிலேட்டும் இரண்டு பெட்டி பல்பமும் வாங்கி வரணுமாம். அவருடன் பேச வேண்டியது நிறைய இருக்கிறதாம்.