அன்னக்கிளிக்குப் பிந்திய எம்.எஸ்.வி.: நாம் கேட்காமல் விட்ட பத்தாண்டு

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடைகளைப் பற்றி சேலத்திலிருந்தும் ஏற்காட்டு மலையிலிருந்தும் இங்கே எழுதும் நம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1983-இல் அப்படியொரு கடையில் தொண்ணூறு நிமிடக் கேசட்டையும் ஒரு பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் போய் வாங்கி வந்தேன். பட்டியல் முழுவதும் இளையராஜா பாடல்கள். இரண்டாம் பக்கத்தின் முடிவில் கொஞ்சம் நாடா மிஞ்சியதால், கடைக்காரர் என்னைக் கேட்காமலேயே 'அக்னி சாட்சி' படத்தின் 'கனா காணும் கண்கள் மெல்ல' பாட்டைச் சேர்த்திருந்தார். இசையமைப்பாளர் எம்.எஸ்.விஸ்வநாதன், அதாவது எம்.எஸ்.வி. என்றால் அப்பா காலத்தவர் என்று நான் முடிவு கட்டியிருந்த வயது அது. பல்லவியைக்கூட முழுதாகக் கேட்காமல் கேசட்டைத் திரும்பக் கொண்டுபோய், அதை அழித்துவிட்டு வேறு பாட்டுப் போட்டுத் தரச் சொன்னேன். அவர் மறுபேச்சின்றிச் செய்து கொடுத்தார், காசும் வாங்கவில்லை.

புதிதாகப் போட்ட பாட்டு சற்றுச் சிறியது. ஆகவே அது முடிந்ததும் 'டக்' என்று ஓர் ஓசை, அதையடுத்துப் பழைய பாட்டின் வால் ஏழெட்டு நொடி, பிறகு வெறும் இரைச்சல். அந்த ஏழெட்டு நொடியை எத்தனை நூறு முறை கேட்டிருப்பேன் என்று தெரியாது. நாளடைவில் அதற்காகவே அந்தப் பக்கத்தைக் கடைசி வரை ஓடவிட்டேன். ஆனாலும் முழுப் பாட்டையும் தேடிக் கேட்டது 2015 ஜூலையில், எம்.எஸ்.வி. மறைந்த மறுநாள்தான். எஸ்.பி.பி.யின் பாட்டுக்கு நடுவே சரிதாவின் பேச்சுக் குரல் வருகிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் போய்விட்டன.

1976-இல் இளையராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து 1986-இல் எம்.எஸ்.வி.யும் அவரும் சேர்ந்து 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இசையமைத்தது வரையிலான பத்தாண்டுகளை நாம் எல்லோருமே இப்படித்தான் அழித்துவிட்டு வேறு பாட்டுக் கேட்டோம் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ஏற்காட்டிலிருந்து

திருமணமான புதிதில் என் மனைவியை ஏரியில் படகில் அழைத்துச் சென்றேன். பனி இறங்கி எதிர்க்கரை மறைந்திருந்தது. துடுப்புப் போட்டவர் நடுவயதுக்காரர். ஏரியின் நடுவே வந்ததும் தமக்குள் முணுமுணுப்பதுபோல் 'மூன்று முடிச்சு' படத்தின் 'வசந்தகால நதிகளிலே' பாட்டைத் தொடங்கினார். ஜெயச்சந்திரன் பாடிய பகுதியையும் வாணி ஜெயராம் பாடிய பகுதியையும் அவர் பாடவில்லை. நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விட்டார். அங்கே பாடுவது எம்.எஸ்.வி.யே, திரையில் துடுப்பைப் பிடித்திருப்பவர் ரஜினிகாந்த், கமல் தண்ணீரில் விழுந்த பிறகும் படகு நிற்காமல் போகிறது. அந்தப் படத்தைப் பார்த்த எவருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி ஒரு கையால் படகின் விளிம்பையும் மறு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். வளையல் அழுந்திய தடம் கரையேறிய பிறகும் இருந்தது. படகுக்காரர் எங்களைப் பார்க்கக்கூட இல்லை.

ஓர் அடியின் முடிவுச் சொல்லை அடுத்த அடியின் தொடக்கமாக வைத்துக் கண்ணதாசன் எழுதிய அந்தாதி அது. பயிற்சி பெற்ற இரு குரல்கள் மென்மையாகச் சுமந்து வந்த அதே மெட்டை, மூன்றாவதாகத் தம்முடைய கரகரத்த குரலில் வாங்கிக்கொண்டு, அதே சுரங்களிலேயே ஒரு மனிதனின் மனத்தில் இருந்த வஞ்சத்தை எம்.எஸ்.வி. காட்டிவிட்டார். 'அன்னக்கிளி' வெளியான அதே 1976-இல் வந்த படம் இது என்பதையும் நினைவில் வையுங்கள். அதோடு அவர் தேய்ந்துவிட்டார் என்கிறார்களே, தேய்ந்துபோன ஒருவர் செய்யக்கூடிய வேலையா இது?

அம்மாபேட்டையிலிருந்து

முதலில் எழுதிய ஐயாவுக்கு ஒரு வார்த்தை. 'நாம் எல்லோருமே அழித்தோம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதில் எங்கள் தெருவைச் சேர்க்காதீர்கள். கேசட் வாங்கக் காசில்லாத தறிக்கார வீடுகளில் வானொலிதான் இருந்தது. இலங்கை வானொலி எதைப் போட்டதோ அதைக் கேட்டோம். அதில் புதியவரும் பழையவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தார்கள். 1979-இல் 'திரிசூலம்', 1980-இல் 'பில்லா' என்று எம்.எஸ்.வி. இசையமைத்த படங்கள் ஓடிய ஓட்டத்தை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். பில்லாவின் 'வெத்தலையைப் போட்டேண்டி' பாட்டு ஒலிபெருக்கியில் ஒலிக்காத கல்யாணம் அந்த ஆண்டு எங்கள் பக்கத்தில் இல்லை.

என் மனத்தில் நிற்பது வேறு. எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் தறி நாடா ஓடும் சத்தத்திலும் கால்மிதி விழும் சத்தத்திலும் வானொலியில் வரும் பாட்டுகளில் முக்கால்வாசி காதில் ஏறாது. தாளமும் கிதாரும் தறிச் சத்தத்தோடு கலந்து போய்விடும். ஒருநாள் 'பட்டினப் பிரவேசம்' படத்தின் 'வான் நிலா' பாட்டு வந்தது. என் அத்தை மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை, நாடாவையும் நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வோர் அடியும் 'லா' என்று முடியும்போது அந்த இடத்துக்குச் சரியாக அச்சுப்பலகையை இழுத்துத் தட்டினார். அடுத்த தறியில் இருந்த அப்பா அதைக் கவனித்துத் தம் தறியையும் அதே கணக்குக்குக் கொண்டுவந்தார். இரண்டு தறியும் ஒரு பாட்டு முடியும் வரை ஒன்றாக நடந்தன. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிக் கேட்டதில்லை.

எம்.எஸ்.வி.யின் இசையில் சொல் முன்னே நிற்கும். வாத்தியம் அதற்கு வழிவிட்டு நிற்கும். வாத்தியங்களை உற்றுக் கேட்கப் பழகிய காதுக்கு அது பழசாகப் பட்டது. சத்தத்துக்கு நடுவே உழைத்தவர்களுக்கு அந்தச் சொற்கள் மட்டும்தான் வந்து சேர்ந்தன. யார் மறந்தார்கள், யார் மறக்கவில்லை என்பதை இதையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சேலம் குகைப் பகுதியிலிருந்து

நான் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவன். அம்மாபேட்டை அன்பர் சொல்வது பாதி உண்மை. மறு பாதிக்கு என் அனுபவம் சாட்சி.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவையொட்டி ஒரு தெருவில் கச்சேரி. 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் 'சிப்பி இருக்குது முத்தும் இருக்குது' பாட்டை எடுத்தோம். பெண் குரல் சந்தத்தை மட்டும் கொடுக்க, ஆண் குரல் அந்த இடத்திலேயே சொல்லை இட்டு நிரப்ப வேண்டிய பாட்டு. பாடிய பெண்ணுக்கு அன்று காய்ச்சல். இரண்டாம் சரணத்தில் ஒரு சந்தம் அவருக்கு மறந்துபோய், நாவில் வந்த வேறொன்றைக் கொடுத்துவிட்டார். ஆண் பாடகருக்கு அடுத்து வரவேண்டிய சொல் நன்றாகவே தெரியும். ஆனால் தவறிய சந்தத்தில் அந்தச் சொல் உட்காரவில்லை. வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தபேலாக்காரர் வெறும் தாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். அப்போது முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் சரியான சந்தத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கவனியுங்கள், அவர்கள் சொல்லைப் பாடவில்லை. 'லல்லல்லா' என்று மெட்டைத்தான் பாடினார்கள். படம் வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகவே, சொல்தான் நின்றது, வாத்தியமும் மெட்டும் பின்னால் நின்றன என்று பிரித்துவிடாதீர்கள். சொல்லே இல்லாமலும் அந்த மெட்டு ஊரின் மனத்தில் இருந்தது.

நாகலூரிலிருந்து

என் கதை சிறியது. 1979-இல் வந்த 'நூல்வேலி' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'மௌனத்தில் விளையாடும் மனசாட்சியே' பாட்டு என் தந்தையின் கேசட் ஒன்றில் இருந்தது. அவர் காலமான பிறகு பெட்டியைத் திறந்து அதை எடுத்துப் போட்டேன். இரண்டு வரி ஒலித்தது; பிறகு குரல் தண்ணீருக்கு அடியில் போனதுபோல் அமுங்கியது; பிறகு நாடா சிக்கிக்கொண்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் சுருளின் ஓரமெங்கும் வெள்ளையாகப் பூஞ்சணம். எங்களைப் போல ஏற்காட்டு மலையில் வாழ்பவர்களுக்கு இந்தத் துயரம் புரியும்.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இந்தப் பத்தாண்டின் பாடல்கள் பல நம் வீட்டுக் கேசட்டுகளில் இருக்கின்றன. அவற்றைப் பரணிலும் தகரப் பெட்டியிலும் அடைத்து வைத்திருக்கிறோம். கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சுருளில் வெள்ளைப் புள்ளிகளோ இழைகளோ தெரிந்தால் அதை எந்தக் காரணம் கொண்டும் ஓடவிடாதீர்கள். பூஞ்சணம் டேப்ரெக்கார்டரின் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து நீங்கள் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றிவிடும். நன்றாக இருக்கும் கேசட்டை ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுவதும் முன்னே ஓட்டிப் பின்னே ஓட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒரு சுற்றில் பதிந்த ஒலி அடுத்த சுற்றில் மெல்லிய நிழலாகக் கேட்கும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய பஞ்சு விழுந்திருந்தால் குரல் மங்கும். வேறொரு பழைய கேசட்டிலிருந்து பஞ்சை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம், நாடா கெட்டதென்று எண்ணி எறிந்துவிட வேண்டாம். ஒலிபெருக்கிக்கும் காந்தம் உள்ள எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் படுக்கை வசத்தில் அடுக்காமல் நிறுத்தி வையுங்கள்; துடைக்கும்போது மெல்லிய துணியால் வரிகளின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே இழுத்தால் கீறல் விழும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓடும் நிலையில் இருக்கும்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள். நான் ஒரு மாதம் தாமதித்தேன். தந்தை தம் கையெழுத்தில் பெயர் எழுதிய அட்டை மட்டும்தான் இப்போது இருக்கிறது.

அஸ்தம்பட்டியிலிருந்து

எம்.எஸ்.வி.யின் சரிவுக்கு எல்லோரும் 1976-ஐயே கோடாகப் போடுகிறீர்கள். நான் ஒப்பவில்லை. என் கணக்கில் கோடு விழுந்தது 1981 அக்டோபர் 17 அன்று, கண்ணதாசன் மறைந்தபோது. அதுவரை 'அவர்கள்', 'நிழல் நிஜமாகிறது', 'நினைத்தாலே இனிக்கும்', 'தில்லு முல்லு' என்று வந்த படங்களை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். சரிவு எங்கே இருக்கிறது? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' படத்துக்கு ஜெயகாந்தனே எழுதிய 'கண்டதைச் சொல்லுகிறேன்' பாட்டை எம்.எஸ்.வி. பாடியதைக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் அவரிடம் புதுமை இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய படப்பிடிப்பு நிறுவனத்தின் வளைவைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும். கண்ணதாசன் இளம் வயதில் வேலை பார்த்த இடம் அது. கவிஞர் மறைந்த வாரத்தில் ஒருநாள் மாலை, அந்த வளைவுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் 'நிழல் நிஜமாகிறது' படத்துக்கு அவர் எழுதிய 'இலக்கணம் மாறுதோ' பாட்டு ஒலித்தது. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். வாணி ஜெயராமின் குரல் எழுந்த இடத்தில் கையை உயர்த்தியவர் இறக்கவே இல்லை. மேல் குவளை காலியாகி, கீழ்க் குவளை நிரம்பி, வழிந்த பால் அவர் மணிக்கட்டில் இறங்கியது. சூடு தெரிந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, மீண்டும்

அம்மாபேட்டை அன்பருக்கு: 'நாம்' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது என்னைப் போன்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

நாகலூர் அன்பர் எழுதியதைப் படித்த உடனே பீரோவைத் திறந்து அந்த 1983 கேசட்டைப் பார்த்தேன். பஞ்சு விழுந்திருக்கிறது, சுருளில் வெள்ளை எதுவும் தெரியவில்லை. கணினியில் ஏற்றிக் கொடுக்க உங்களால் இயலுமானால் ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் மேலே கொண்டுவருகிறேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரைச்சல் வரும் வரை ஓடட்டும். ஒலியைச் சுத்தம் செய்யும்போது நடுவில் வரும் அந்த 'டக்' ஓசையை மட்டும் எடுத்துவிட வேண்டாம்.